லிஸ்பனுக்கு டெல்லி கொடுத்த வாக்கு! - அபு சலேம் வழக்கும் 'நாடு கடத்தல்' சட்டமும்

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி. மும்பை பங்குச் சந்தைக் கட்டடத்தில் முதல் குண்டு வெடித்தது. அடுத்து ஏர் இந்தியா கட்டடம், ஜவேரி பஜார், செஞ்சுரி பஜார் என்று நகரம் முழுக்க வெடிச்சத்தம். 257 பேர் உயிரிழந்தார்கள். 700-க்கும் மேற்பட்டோர் படுகாயமடைந்தார்கள்.

அந்த வழக்கில் யாகூப் மேமன் 2015 ஜூலை 30 அன்று நாக்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இரண்டாம் கட்ட விசாரணையின் தீர்ப்பு 2017 செப்டம்பர் 7 அன்று வந்தது. அன்று இரண்டு பேருக்குத் தூக்கு. ஆனால், குஜராத்திலிருந்து மும்பைக்கு ஆயுதங்களைக் கொண்டுவந்து சேர்த்த குற்றம் நிரூபிக்கப்பட்ட அபு சலேமுக்கு ஆயுள் தண்டனைதான். அந்த ஆயுள் தண்டனைக்கும் ஒரு கணக்கு உண்டு: 25 ஆண்டு முடிந்தால், அவரை விடுவிப்பது பற்றி அரசு முடிவெடுத்தாக வேண்டும்.

ஒரே வழக்கு, ஒரே நீதிமன்றம். பிறகு ஏன் இப்படி? பதில், மும்பையில் இல்லை. 2002-ல் டெல்லியிலிருந்து போர்த்துகல் தலைநகர் லிஸ்பனுக்குப் போன ஓர் உறுதிமொழிக் கடிதத்தில் இருக்கிறது. ஒரு நாட்டில் ஒளிந்திருப்பவரை இன்னொரு நாடு எப்படிச் சட்டப்படி வாங்குகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

இரண்டும் ஒன்றல்ல!

'நாடு கடத்தப்பட்டார்' என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். தமிழில் இந்த ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம்.

முதலாவது, வெளியேற்றம். விசா முடிந்தும் தங்கியிருப்பவர், போலி பாஸ்போர்ட்டில் வந்தவர், வேண்டாத விருந்தாளி என்று ஓர் அரசு கருதுபவர்... இவர்களை அந்த நாடே தன் குடியேற்றச் சட்டப்படி வெளியே அனுப்பிவிடும். 'என் வீட்டில் உனக்கு இடமில்லை, கிளம்பு' என்பதுதான் இதன் அர்த்தம். வேறு நாடு கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிழல் உலகப் புள்ளி சோட்டா ராஜன் 2015-ல் இந்தோனேசியாவின் பாலித் தீவில் பிடிபட்டதும், சில நாள்களிலேயே டெல்லிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இரண்டாவது, ஒப்படைப்பு. 'எங்கள் நாட்டில் குற்றம் செய்துவிட்டு உங்களிடம் வந்து ஒளிந்திருக்கிறார். விசாரிக்க வேண்டும், கொடுங்கள்' என்று ஒரு நாடு முறைப்படி கேட்க, மறுநாட்டின் நீதிமன்றம் ஆராய்ந்து பார்த்து, அந்த நாட்டு அரசு கையெழுத்திட்டு அனுப்புவது. இதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். கேட்டது கிடைக்காமலும் போகலாம். அபு சலேம் வந்தது இந்த வழியில்.

சிவப்பு அறிக்கை என்றால் கைது வாரன்ட்டா?

உத்தரப்பிரதேசத்தின் அசம்கர் மாவட்டம் சராய் மீர் என்ற ஊரைச் சேர்ந்த அபு சலேம், குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தியாவிலிருந்து தப்பினார். இன்டர்போல் மூலம் அவர்மீது 'ரெட் நோட்டீஸ்' என்ற சிவப்பு அறிக்கை வெளியிடப்பட்டிருந்தது. 2002 செப்டம்பரில் லிஸ்பனில், நடிகை மோனிகா பேடியுடன் அவர் பிடிபட்டார். போலி ஆவணங்கள் தொடர்பாகப் போர்த்துகலிலேயே ஒரு வழக்கும் நடந்து, தண்டனையும் விதிக்கப்பட்டது.

சிவப்பு அறிக்கை வந்துவிட்டால் உலகின் எந்த மூலையிலும் உடனே கைது செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு தகவல்தான். 'இவரை இந்த நாடு தேடுகிறது, கண்டால் சொல்லுங்கள், ஒப்படைப்புக் கோரிக்கை வரும்வரை பிடித்து வையுங்கள்' என்ற வேண்டுகோள். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தீர்மானிக்கும்.

பிடித்துவிட்டார்கள் என்ற சேதி வந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சியங்கள், எந்தச் சட்டப் பிரிவில் என்ன தண்டனை என்ற விவரம், ஆள் அடையாளத்துக்கான ஆதாரம்... எல்லாவற்றையும் அந்த நாட்டு மொழியில் மொழிபெயர்த்து, முத்திரை வைத்து, தூதரகம் வழியாக அனுப்ப வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. இந்தியச் சட்டத்தையே எடுத்துக்கொண்டால், வேறு நாடு கேட்டதற்காக இங்கே ஒருவரைத் தற்காலிகமாகக் கைது செய்தால், 60 நாள்களுக்குள் முறையான கோரிக்கை வர வேண்டும். வராவிட்டால் அவரை விட்டுவிட வேண்டும்.

ஒப்பந்தமே இல்லாத நாட்டிடம் கேட்கலாமா?

இந்தியாவுக்கு 48 நாடுகளுடன் ஒப்படைப்பு ஒப்பந்தமும், 12 நாடுகளுடன் அதற்கு அடுத்த நிலையிலான ஏற்பாடும் இருப்பதாக வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியல் சொல்கிறது. பிரிட்டனுடன் 1992-லும், அமெரிக்காவுடன் 1997-லும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால், 2002-ல் போர்த்துகலுடன் அப்படி எதுவும் இல்லை. இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டது 2007-ல்தான்.

பிறகு எந்த அடிப்படையில் கேட்டார்கள்? பயங்கரவாதக் குண்டுவெடிப்புகளைத் தடுப்பதற்கான ஐ.நா-வின் சர்வதேச உடன்படிக்கையில் இரு நாடுகளும் கையெழுத்திட்டிருந்தன. அத்துடன், 'இன்று நீங்கள் கொடுத்தால், நாளை இதேபோன்ற வழக்கில் நீங்கள் கேட்கும்போது நாங்களும் கொடுப்போம்' என்ற பரஸ்பர உறுதியையும் இந்தியா அளித்தது. நம் ஊரில் மொய் எழுதுவதுபோலத்தான். இன்று வைக்கும் மொய், நாளை திரும்ப வரும் என்ற நம்பிக்கை. 2002 டிசம்பரில், ஒன்பது வழக்குகளைக் குறிப்பிட்டு இந்தியா கோரிக்கை அனுப்பியது.

நான்கு கேள்விகள்

கோரிக்கை போய்ச் சேர்ந்ததும், அந்த நாட்டு நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கும். 'இவர் குற்றவாளியா, இல்லையா?' என்பது அங்கே கேள்வியே கிடையாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது, கேட்கும் நாட்டின் நீதிமன்றம். இவர்கள் பார்ப்பது வேறு சில கேள்விகளை.

ஒன்று, இது இரண்டு நாட்டிலும் குற்றமா? இந்தியாவில் குற்றமாகவும் அந்த நாட்டில் சாதாரண விஷயமாகவும் இருந்தால், ஆளைக் கொடுக்க மாட்டார்கள். குற்றமாக இருந்தாலும் அற்ப விஷயமாக இருக்கக் கூடாது. பல ஒப்பந்தங்களில், இரு நாட்டிலும் குறைந்தது ஓராண்டு சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும் என்பது விதி.

இரண்டு, இது அரசியல் பழிவாங்கலா? ஆட்சியாளருக்குப் பிடிக்காதவர் என்பதற்காக ஒருவரைத் துரத்துகிறார்களா என்பதைப் பார்ப்பார்கள். மதம், இனம், அரசியல் கருத்து காரணமாகத் தண்டிக்கப்படுவார் என்று தெரிந்தால் அனுப்ப மாட்டார்கள். கொலை, குண்டுவெடிப்பு, விமானக் கடத்தல் போன்றவற்றுக்கு 'அரசியல்' என்ற போர்வை கிடைக்காது என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

மூன்று, இதே குற்றத்துக்கு ஏற்கெனவே விசாரணை முடிந்துவிட்டதா? 166 பேர் கொல்லப்பட்ட 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் தஹாவூர் ராணா கடைசிவரை பிடித்துத் தொங்கியது இந்தக் கொடியைத்தான். சிகாகோ நீதிமன்றம் 2011-ல் அவரை வேறு குற்றங்களுக்குத் தண்டித்தாலும், மும்பைத் தாக்குதல் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து விடுவித்திருந்தது. 'ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணையா?' என்பது அவர் வாதம். 'சம்பவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால், இந்தியா சுமத்தும் குற்றங்களை நிரூபிக்கத் தேவையான அம்சங்கள் வேறு' என்று அமெரிக்க நீதிமன்றங்கள் அதை நிராகரித்தன. 2020-ல் இந்தியாவுக்காகக் கைதானவர், 2025 ஏப்ரல் 10 அன்று டெல்லி வந்து சேர்ந்தார்.

நான்கு, அனுப்பினால் அங்கே அவர் மனிதராக நடத்தப்படுவாரா? இன்று பல வழக்குகள் தடுக்கி நிற்பது இந்தப் படியில்தான்.

சிறைக்குள் வெயில் வருமா?

விஜய் மல்லையா வழக்கில், மும்பை ஆர்தர் சாலை சிறையின் 12-ம் எண் கட்டடத்தில் இயற்கை வெளிச்சமே வராது என்று அவர் தரப்பு வாதாடியது. 'பகல் வெளிச்சத்தில் அந்த அறையைப் படம்பிடித்து அனுப்புங்கள்' என்று 2018-ல் லண்டன் நீதிபதி கேட்டார். இந்தியா வீடியோ எடுத்து அனுப்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் மல்லையாவை அனுப்பலாம் என்று தீர்ப்பு வந்தது. 2020-ல் அவரது மேல்முறையீடுகளும் தோற்றன. அதன் பிறகும், வெளியில் சொல்ல முடியாத ஒரு சட்டப் பிரச்னை பாக்கியிருக்கிறது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. தீர்ப்பு வேறு, விமானம் ஏறுவது வேறு!

2000-ல் கிரிக்கெட் உலகையே உலுக்கிய சூதாட்டப் புகாரில் தேடப்பட்ட சஞ்சீவ் சாவ்லா வழக்கில், திகார் சிறையின் நிலையைக் காரணம் காட்டி லண்டன் நீதிமன்றம் முதலில் மறுத்துவிட்டது. தனி அறை, பாதுகாப்பு, மருத்துவம் என்று இந்தியா உறுதிமொழி கொடுத்த பிறகுதான் வழி திறந்தது. 2020 பிப்ரவரியில் அவர் டெல்லிக்கு அழைத்துவரப்பட்டார்.

உறுதிமொழி கொடுத்தும் பலிக்காத கதை ஒன்று உண்டு. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் கொட்டப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர், கிம் டேவி என்ற பெயரில் அறியப்பட்ட டென்மார்க் நாட்டுக்காரர். மரண தண்டனை கிடையாது என்று இந்தியா உறுதி சொன்னது. டென்மார்க் அரசும் அனுப்பச் சம்மதித்தது. ஆனால், 2011-ல் அந்த நாட்டு நீதிமன்றம், 'இந்தியாவில் சித்ரவதைக்கு உள்ளாகும் ஆபத்து இருக்கிறது' என்று சொல்லித் தடுத்தது. இரு நாட்டு உறவே அதனால் சில ஆண்டுகள் கசந்துபோனது. 2024-ல் மீண்டும் கேட்டபோதும் அதே பதில்தான்.

காவல் நிலையத்திலும் சிறையிலும் நடப்பது உள்ளூர் விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். லாக்கப்பில் விழும் ஓர் அடியின் சத்தம், ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் கேட்கிறது என்பதுதான் நிஜம்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது?

அபு சலேம் விஷயத்துக்கு வருவோம். போர்த்துகல், சாதாரணக் குற்றங்களுக்கான மரண தண்டனையை 1867-லேயே ஒழித்த நாடு. ஆயுள் தண்டனையையும் 1884-ல் எடுத்துவிட்டார்கள். அங்கே எவ்வளவு கொடிய குற்றத்துக்கும் அதிகபட்சம் 25 ஆண்டு சிறை. தூக்குக் கயிறு காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரை அனுப்ப அவர்கள் அரசமைப்புச் சட்டமே இடம் கொடுக்காது.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1962-ம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 34-சி பிரிவின்படி, மரண தண்டனை இல்லாத நாட்டிலிருந்து ஒருவரை வாங்கிவந்தால், அவருக்கு ஆயுள் தண்டனைக்கு மேல் கொடுக்க முடியாது. ஆனால், போர்த்துகலுக்கு அது போதவில்லை. எனவே, 2002 டிசம்பர் 17 அன்று, அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே.அத்வானி இந்திய அரசின் சார்பில் உறுதிமொழி அளித்தார்: அபு சலேமுக்கு மரண தண்டனையும் கிடையாது, 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறையும் கிடையாது.

இதை வைத்துத்தான் போர்த்துகல் நீதிமன்றங்கள் படிப்படியாகச் சம்மதித்தன. ஒன்பது வழக்குகளில் எட்டுக்கு அனுமதி கிடைத்தது. 2005 நவம்பரில் அபு சலேமும் மோனிகா பேடியும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பிடிபட்டதிலிருந்து மூன்று ஆண்டுக்கும் மேலாகியிருந்தது.

சொன்ன வழக்கு மட்டும்தான்!

ஒப்படைப்புச் சட்டத்தில் இன்னொரு முக்கியமான விதி இருக்கிறது. எந்தக் குற்றத்துக்காக ஒருவரைக் கேட்டு வாங்கினோமோ, அதற்கு மட்டும்தான் விசாரிக்க வேண்டும். 'ஆள் கைக்கு வந்தாச்சு, பழைய கணக்கையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிடுவோம்' என்று புது வழக்குகளை அடுக்கக் கூடாது. இந்தியச் சட்டத்தின் 21-வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது.

இந்த இடத்தில்தான் சிக்கல் வந்தது. அபு சலேம்மீது கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டன. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 'கூடுதல் குற்றங்கள் ஒப்புக்கொண்டதைவிடச் சிறியவைதான், அதே சம்பவங்களிலிருந்து வருபவைதான், எனவே விதிமீறல் இல்லை' என்று 2010-ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. லிஸ்பன் ஒப்புக்கொள்ளவில்லை. நிபந்தனை மீறப்பட்டதாகச் சொல்லி, 2011-ல் போர்த்துகல் நீதிமன்றம் தான் கொடுத்த அனுமதியையே ரத்து செய்தது. இந்தியாவின் மேல்முறையீடுகள் அங்கே பலிக்கவில்லை.

ஆள் ஏற்கெனவே மும்பைச் சிறையில். ரத்து செய்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். ஆனால், இந்தியா அதை அலட்சியம் செய்யவில்லை. கூடுதல் குற்றச்சாட்டுகள் சிலவற்றைத் திரும்பப் பெறுவதாக சி.பி.ஐ சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி அளித்தது. வெளிநாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், நாடுகளின் நீதிமன்றங்கள் ஒன்றையொன்று மதிக்க வேண்டும் என்பதுதான் அதன் நிலைப்பாடு.

2015-ல், கட்டுமானத் தொழிலதிபர் பிரதீப் ஜெயின் கொலை வழக்கில் அபு சலேமுக்கு ஆயுள் தண்டனை. 2017-ல் குண்டுவெடிப்பு வழக்கிலும் ஆயுள். 'ஆயுள் என்றால் சாகும்வரை. அப்படியானால், 25 ஆண்டு வாக்கு என்ன ஆயிற்று?' என்ற கேள்வியுடன் அவர் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். லிஸ்பனில் கைதான 2002-லிருந்தே 25 ஆண்டைக் கணக்கிட வேண்டும் என்றும் கேட்டார்.

2022 ஜூலை 11 அன்று தீர்ப்பு வந்தது. அரசு கொடுத்த வாக்கு, தண்டனை விதிக்கும் நீதிமன்றத்தின் கையைக் கட்டாது. ஆனால், அரசின் கையைக் கட்டும். எனவே, 25 ஆண்டு முடிந்ததும், அரசமைப்புச் சட்டத்தின் 72-வது பிரிவின்படி தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்கு மத்திய அரசு ஆலோசனை வழங்க வேண்டும். அதற்கான ஆவணங்களை ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். போர்த்துகலில் வேறு வழக்குக்காகச் சிறையில் இருந்த காலத்தைச் சேர்க்க முடியாது. கணக்கு 2005 அக்டோபர் 12-லிருந்து தொடங்கும். அப்படிப் பார்த்தால், கெடு முடிவது 2030-ல். சிறையில் கிடைத்த தண்டனைக் குறைப்பு நாள்களையும் கூட்டினால் 25 ஆண்டு இப்போதே முடிந்துவிட்டது என்று 2025-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் அவர் வாதாடினார். முடிந்ததாகத் தெரியவில்லை என்பதே நீதிமன்றத்தின் முதல்கட்டக் கருத்து.

நம்மிடம் கேட்டால்?

இது ஒருவழிப் பாதை இல்லை. வெளிநாடுகளும் இந்தியாவிடம் ஆள் கேட்கின்றன. அந்தக் கோரிக்கை வெளியுறவு அமைச்சகத்துக்கு வரும். மத்திய அரசு உத்தரவிட்டால், ஒரு மாஜிஸ்திரேட் விசாரிப்பார். முதல் பார்வையில் வழக்குக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு அரசுக்கு அறிக்கை கொடுப்பார். ஆதாரம் இல்லையென்றால் விடுவிப்பார். ஒப்படைப்பதா, வேண்டாமா என்ற இறுதி முடிவு அரசுடையது. நடுவில் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் போகலாம். சிறைக்கு அனுப்பிய பிறகு இரண்டு மாதத்துக்குள் ஒப்படைத்து அனுப்பாவிட்டால், போதிய காரணம் இல்லாதபட்சத்தில் அவரை விடுவிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட நம் ஊர்க்காரர் ஒருவருக்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று எதிர்பார்ப்போமோ, அதே பாதுகாப்பு இங்கே பிடிபடுபவருக்கும் கிடைக்கிறது.

வாக்கின் விலை

குண்டுவெடிப்பில் மகனையோ, கணவரையோ இழந்த ஒரு குடும்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படி இருக்கும்? 'எங்கள் வீட்டுக்காரர் திரும்பி வரமாட்டார். இவர் மட்டும் 25 வருடத்தில் வெளியே வரலாமா?' என்று அவர்கள் கேட்டால், அதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஆறுதலான பதில் கிடையாது. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால், மறுபக்கத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த வாக்கைக் கொடுத்திராவிட்டால், அபு சலேம் இந்திய நீதிமன்றத்தின் கூண்டில் ஏறியிருக்கவே மாட்டார். போலி பாஸ்போர்ட் வழக்கின் தண்டனையை முடித்துவிட்டு, போர்த்துகல் சிறையிலிருந்து வெளியே நடந்திருப்பார். தூக்கு கிடைக்காத விசாரணையா, விசாரணையே இல்லாத சுதந்திரமா என்ற இரண்டில் ஒன்றைத்தான் டெல்லி தேர்ந்தெடுக்க முடிந்தது.

இன்றும் இந்தியா தேடும் பலர் பல நாடுகளில் இருக்கிறார்கள். வங்கிப் பணத்தைச் சுருட்டியவர்கள் முதல், கொலை வழக்கில் தேடப்படுபவர்கள் வரை. அவர்களை நாளை ஒரு வெளிநாட்டு நீதிபதி முன் நிறுத்தி, 'எங்களிடம் கொடுங்கள், முறையாக நடத்துவோம்' என்று இந்தியா கேட்கும்போது, அந்த நீதிபதி புரட்டிப் பார்ப்பது பழைய வழக்குகளைத்தான். முன்பு கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். 2030-ல் இந்தியா என்ன செய்கிறது என்பதை லிஸ்பன் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காது.